மேலகிரியின் மானும் வேலியோரச் சிலந்தியும்

ஓசூர் வட்டாரத்தில், சூளகிரி, பேரிகை, வேப்பனப்பள்ளி பக்கத்துத் தரிசுகளில் முள்கம்பி வேலி ஓடும் இடங்களில் ஒரு பொருள் கண்ணில் படும். சீமைக்கருவேலின் கவட்டையிலோ, வேலிக்கல்லும் கம்பியும் சேரும் மூலையிலோ, அழுக்கேறிய பஞ்சுப்பொதி சிக்கிக் கிடப்பதுபோல் இருக்கும். வேலியைச் சரிசெய்ய வருகிறவர் அதை நூலாம்படை என்று தடியால் தட்டிவிட்டுப் போய்விடுவார். கிட்டப் போய்ப் பார்த்தால் பட்டு நூல், காய்ந்த இலை, வண்டுகளின் ஓடு, தேனீக்களின் சிறகு எல்லாவற்றையும் சேர்த்து நெய்த கூடு அது. உள்ளே இருப்பது ஒற்றைச் சிலந்தி அல்ல. ஐம்பது, நூறு, சில கூடுகளில் அதைவிடவும் பல மடங்கு. ஸ்டெகோடிஃபஸ் சாரசினோரம் என்று அறிவியல் பெயர் பெற்ற, கூடி வாழும் சிலந்தி இது. வளர்ந்த பெண் சிலந்தியே நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது.

அங்கிருந்து தென்மேற்கே தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி, உரிகம் பக்கம் போனால் நிலத்தின் முகம் மாறுகிறது. ராகிக் கொல்லைகள் முடிந்து, மேலகிரி மலைத்தொடரின் வறண்ட இலையுதிர் காடு காவிரிக்கரை வரை சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவுகளில் நாற்கொம்பு மான் வாழ்கிறது. தோள் உயரம் 55 முதல் 64 சென்டிமீட்டர். எடை சுமார் 20 கிலோ. ஒரு வெள்ளாட்டின் உடல்வாகு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் பகுதி இது. கன்னடத்தில் இதைக் கொண்டுகுரி என்கிறார்கள், தெலுங்கில் கொண்டகொர்ரெ. பெயர்கள் மூன்று மொழியிலும் இருக்கின்றன. விலங்கைக் கண்டவர்கள்தான் குறைவு.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயுசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் நாற்கொம்பு மான் ‘அழிவாய்ப்புள்ளது’ என்ற படியில் இருக்கிறது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே சட்டக் காப்பு. வேலியோரச் சிலந்திக்கு எந்த அட்டவணையும் இல்லை. அதைப் பட்டியலிட வேண்டும் என்று எவரும் கேட்டதும் இல்லை. எங்கும் இருப்பதற்கு எதற்குக் காப்பு?

காகிதத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது: மானுக்கு ஆபத்து, சிலந்திக்குச் சுகம். கடந்த முப்பது ஆண்டுகளில் இவ்விரண்டைப் பற்றியும் தனித்தனியாக வெளிவந்த ஆய்வுகளை ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்துப் படித்தால் இந்தக் கணக்கின் முதல் பாதி நிற்கிறது. இரண்டாம் பாதி ஆட்டம் காண்கிறது.

முதலில் மானை எடுத்துக்கொள்வோம். பேச்சுவழக்கில் மான் என்றாலும், புள்ளிமான், கடமான் கூட்டத்தைச் சேர்ந்தது அல்ல இது. அவை ஆண்டுதோறும் கிளைக்கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்க்கும். நாற்கொம்பு மான் மாடு, ஆடு, வெளிமான் ஆகியவற்றின் குடும்பம். எலும்புக் குருத்தின் மேல் உறை போர்த்திய கொம்பு, வாழ்நாள் முழுக்க உதிராது. இந்த வகையைத் தமிழ் இயற்கை நூல்கள் இரலை என்று எழுதுகின்றன. உலகில் காட்டில் வாழும் இரலைகளில் நான்கு கொம்பு இதற்கு மட்டுமே. அதுவும் கிடாவுக்கு மட்டும். பின்னிரண்டு கொம்புகள் குட்டி பிறந்த சில மாதங்களில் முளைக்கும். முன்னிரண்டு ஓராண்டு கழித்து, நெற்றியில், கண்களுக்குச் சற்று மேலே வரும். பல நேரம் வெறும் குமிழ்களாகவே நின்றுவிடும். தென்னிந்திய விலங்குகளில் முன்கொம்பு இல்லாதவையும் உண்டு. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்த நான்கு கொம்பு மண்டையோட்டைச் சுவரில் மாட்டுவதற்காகவே இதைச் சுட்டார்கள்.

பெங்களூரில் வாழ்ந்து ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளைப் பற்றி எழுதிக் குவித்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனின் கதைகளில் நாயகர்கள் புலியும் சிறுத்தையும் யானையும்தான். இந்தச் சின்ன விலங்கை வைத்து யாரும் கதை எழுத முடியாது. காரணம் அதன் சுபாவம். கூட்டம் சேராது. தனியாகவோ இணையாகவோ திரியும்; குட்டியோடு தாய் இருந்தால் அதுவே பெரிய குழு. ஆபத்து தெரிந்தால் ஓடாது. உயர்ந்த புல்லுக்குள் அசையாமல் நிற்கும். வருகிற ஆள் மிதிக்கும் தொலைவுக்கு வந்த பிறகுதான் துள்ளி எகிறும். காட்டில் இருபது ஆண்டு நடந்த காவலர்கூட அதன் முதுகைத்தான் பார்த்திருப்பார்.

அப்படியானால் எண்ணுவது எப்படி? ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது அதன் ஒரு பழக்கம். நாற்கொம்பு மான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். அந்தப் புழுக்கைக் குவியல்களைத் தேடிப் பதிவுசெய்து, எந்தக் காட்டில் இருக்கிறது, எதில் இல்லை என்று கணிக்கலாம். 2008இல் கிருஷ்ணா, ஜகதீஷ் கிருஷ்ணசாமி, சாம்ப குமார் ஆகியோர் இந்த விலங்கு எந்த இடங்களில் தங்குகிறது என்பதைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 2011இல் பாஸ்கரனும் தேசாயும் பிறரும் தென்னிந்தியக் காடுகளில் அதன் நடத்தையை ஆராய்ந்து எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் இது: வறண்ட இலையுதிர் காடு, நெருக்கமில்லாத மரங்கள், இடையில் புல்லும் இலந்தை போன்ற புதர்களும், எட்டும் தொலைவில் தண்ணீர். மழைக்காடும் வேண்டாம், வெறும் முட்காடும் போதாது.

இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டுமே வாழும் இந்த விலங்கின் மொத்த எண்ணிக்கை சுமார் 10,000 என்று 1990களின் தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு வந்தது. அதுவே இன்றும் நூலுக்கு நூல் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு எண்ணை முப்பது ஆண்டுகள் புதுப்பிக்காமல் வைத்திருப்பதே அந்த விலங்குக்கு நாம் கொடுக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

ஓசூர் வனக்கோட்டத்தில் அதற்கு நேர்ந்திருக்கும் நல்லது ஒன்று உண்டு, அதுவும் யானையின் தயவில். 2014இல் தமிழக அரசு சுமார் 504 சதுர கிலோமீட்டரைக் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காப்புக்காடுகளில் இன்னும் 686 சதுர கிலோமீட்டர் சேர்ந்து காவேரி தெற்குச் சரணாலயம் ஆனது. அந்த அறிவிப்பில் நீர்நாய், முதலை ஆகியவற்றோடு நாற்கொம்பு மானின் பெயரும் இடம்பெற்றது. மேற்கே கர்நாடகத்தின் காவேரிச் சரணாலயம், அதையடுத்து மலை மாதேஸ்வரர் மலை, பிலிகிரிரங்கன் மலை. வடக்கே ஜவளகிரி வழியாகப் பன்னேர்கட்டா. வரைபடத்தில் பச்சை நிறம் தொடர்ச்சியாகவே தெரிகிறது.

வரைபடம் காட்டாதது பச்சைக்குள் என்ன முளைத்திருக்கிறது என்பது. உண்ணிச்செடி புல்வெளியை மூடினால் மேயும் விலங்குக்கு அது காடு அல்ல, சுவர். கோடைத் தீ, மந்தை மேய்ச்சல், மலையோர ஊர்களின் நாய்கள், நாட்டுத் துப்பாக்கி என்று மிச்சமும் இருக்கின்றன. இருபது கிலோ இறைச்சி ஒருவர் தோளில் தூக்கிப் போகத் தோதான அளவு. யானைத் தந்தத்துக்கு உள்ள விசாரணை இதற்கு வராது.

இனி சிலந்தி. சொல்ல வேண்டியது இங்கேதான் அதிகம்.

உலகச் சிலந்தி அட்டவணையில் 2022 ஏப்ரலில் 50,000ஆவது இனம் பதிவானது. பிரேசில் நாட்டுத் தாவும் சிலந்தி அது. இத்தனை ஆயிரத்தில் நிரந்தரமாகக் கூட்டு வாழ்க்கை வாழ்பவை இருபத்தைந்துக்குள் அடங்கிவிடும். சிலந்தி என்றாலே தன் இனத்தையே தின்னத் தயங்காத தனிக்கட்டை. அதில் நூற்றுக்கணக்கில் ஒரே வலையில் சண்டையில்லாமல் வாழ்வது விசித்திரம். அந்த விசித்திரங்களில் ஒன்று ஓசூர்க்காரன் வேலியில் சர்வசாதாரணமாகத் தொங்குகிறது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால், ஃபிரிட்ஸ் சாரசின் என்ற இரு இயற்கை ஆய்வாளர்கள் 1880களில் இலங்கையில் சேகரித்துக் கொண்டுபோன சிலந்திகளை வைத்து, 1892இல் கார்ஷ் என்பவர் இந்த இனத்தை விவரித்து அவர்கள் பெயரையே சூட்டினார். இந்தியத் தீபகற்பத்தின் வறள்நிலம் நெடுக இது உண்டு. ஆனால் இதன் ஆய்வுத் தலைநகரம் என்று ஓர் ஊரைச் சொல்ல வேண்டுமானால் அது குப்பம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், வேப்பனப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்திலிருந்து திரீனே பில்டேயின் குழுவும், திருவனந்தபுரம் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஹேமா சோமநாதனின் குழுவும் அந்த வட்டாரத்துப் புதர்களிலிருந்துதான் கூடுகளை எடுத்துப் படித்தார்கள்.

கூடு ஒரு கோட்டை. அதைச் சுற்றி விரிந்திருக்கும் வலை வேட்டைக்களம். இந்த வலையில் பசைத்துளி கிடையாது. சிலந்தி தன் பின்காலில் உள்ள மயிர்ச்சீப்பால் நூலைச் சீவிச் சீவி மிக நுண்ணிய இழைகளாக்கும். அந்த இழைகளில் பூச்சியின் கால்முடி சிக்கிக்கொள்ளும். வெட்டுக்கிளியோ தேனீயோ விழுந்து உதறினால் அந்த அதிர்வைப் பிடித்து நாலைந்து சிலந்திகள் வெளியே ஓடி வரும். தன்னைப்போல் பல மடங்கு பெரிய இரையை ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து வீழ்த்தும். அப்புறம் பந்தி. வேட்டைக்கு வராதவர்களும் உட்காருவார்கள்.

இந்தப் பந்திச் சோம்பேறிகளைப் பற்றியே ஒரு ஆய்வு மரபு இருக்கிறது. சிலந்திகளின் முதுகில் வண்ணப் பொட்டு வைத்து அடையாளம் கண்டு, அதிரும் கருவியால் இரை விழுந்ததுபோல் ஏமாற்றி, யார் முதலில் ஓடி வருகிறார் என்று நாள்கணக்கில் பதிவுசெய்தார்கள். பெலெயூர், பெல்லூர், சோமநாதன் மூவரும் 2015இல் வெளியிட்ட முடிவு: வேட்டைக்கு ஓடி வருவதில் ஒவ்வொரு சிலந்திக்கும் நீண்ட காலம் மாறாத சுபாவம் இருக்கிறது, வலையைச் செப்பனிடும் வேலையில் அப்படி ஒன்றும் இல்லை. எறும்பைப்போல் பிறவியிலேயே வேலைக்காரி, ராணி என்ற பிரிவு இங்கே இல்லை. ஆனாலும் துணிச்சல்காரிகள் துணிச்சல்காரிகளாகவே இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். இந்தத் துறை ஒருகாலத்தில் பரபரப்பாக விற்றது. இதே பேரினத்தின் ஆப்பிரிக்க இனத்தை வைத்துச் சிலந்திகளின் ‘ஆளுமை’ பற்றி எழுதப்பட்ட சில கட்டுரைகள், தரவுகளில் விளக்க முடியாத முரண்கள் தெரிந்ததால் 2020 முதல் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே கூட்டுச் சிலந்தியின் குணாதிசயங்களைப் பற்றிப் பழைய பத்திரிகைச் செய்திகளில் வந்த கவர்ச்சியான வரிகளை அப்படியே நம்பக் கூடாது. மரபணு ஆய்வுகள் வேறு வகை. அவை பல குழுக்கள், பல பத்தாண்டுகள், பல முறைகள் மூலம் ஒரே திசையைக் காட்டுகின்றன.

அந்தத் திசைக்குப் போகுமுன் கூட்டின் குடும்ப வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கூட்டில் ஆண்கள் சிறுபான்மை. ஓர் ஆணுக்குப் பல பெண்கள். வெளியூரில் பெண் தேடும் வழக்கமில்லை. உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே இணை சேர்ந்து, அதே கூட்டில் முட்டையிட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கேயே நடக்கிறது. தாய் தான் செரித்த உணவைக் கக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டுவாள். முட்டையிடாத பெண்களும் ஊட்டுவதைச் சமூகச் சிலந்திகளில் பதிவுசெய்திருக்கிறார்கள். கடைசியில், குஞ்சுகள் ஓரளவு வளர்ந்ததும், ஊட்டியவளையே தின்றுவிடும். இதில் வன்முறை எதுவும் தெரியாது. அவள் விலகி ஓடுவதில்லை. மேலகிரியின் மான் ஓராண்டில் ஒரு குட்டி, சில நேரம் இரண்டு ஈன்று, புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் பால் கொடுக்க மட்டும் வந்து போகும். ஒன்று தன்னைப் பங்கு வைக்கிறது. மற்றொன்று குட்டி இருக்கும் இடத்தைக்கூடக் காட்டிக்கொடுக்காமல் காக்கிறது. இரண்டிலும் தாய்மையின் கணக்கு கச்சிதம்.

உள்ளுக்குள்ளேயே சம்பந்தம் வைத்துக்கொள்வதன் விலை மரபணுவில் தெரிகிறது. 1994இல் ஸ்மித்தும் எங்கலும் இந்திய இனத்தின் கூடுகளைப் புரத வேறுபாடுகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு கூட்டுக்குள் பல்வகைமை அற்பம். 2014இல் செட்டெபானி, பெக்ஸ்கார்ட், பில்டே ஆகியோர் டிஎன்ஏ அளவில் இன்னும் விரிவாகப் பார்த்தார்கள். ஊருக்கு ஊர் சிலந்திகள் மரபணுவில் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பிரிவு மேலோட்டமானது, அண்மைக் காலத்தது. இனம் முழுவதையும் சேர்த்தாலும் பல்வகைமை குறைவு. அவர்கள் தரும் விளக்கம்: கூடுகள் ஓயாமல் அழிகின்றன, காலியான இடத்தில் பக்கத்திலிருந்து வந்த ஒரு சில பெண்கள் புதுக் கூடு போடுகிறார்கள், அதுவும் அழிகிறது. இப்படி அழிந்து அழிந்து முளைப்பதில் இனம் முழுக்க ஒரே சாயலுக்கு வந்துவிடுகிறது.

வேலி நெடுக நூறு கூடு தொங்குவதைப் பார்த்து அதை நூறு குடும்பம் என்று எண்ணுகிறோம். மரபணுவின் கண்ணுக்கு அது ஏறத்தாழ ஒரே குடும்பத்தின் நகல்கள். புதிதாக ஒரு பூஞ்சையோ ஒட்டுண்ணியோ வந்தால், ஒன்றை வீழ்த்துவது மற்றதையும் வீழ்த்த வாய்ப்பு அதிகம்.

பரிணாம வரலாற்றிலும் இதே செய்தி. ஸ்டெகோடிஃபஸ் பேரினத்தில் சுமார் இருபது இனங்கள். அவற்றில் மூன்றுதான் முழுக் கூட்டு வாழ்க்கைக்கு வந்தவை, ஒன்று இந்தியத் துணைக்கண்டத்தில், இரண்டு ஆப்பிரிக்காவில். மூன்றும் ஒரே மூதாதையிடமிருந்து அந்தப் பழக்கத்தைப் பெறவில்லை. தனித்தனியாகக் கண்டுபிடித்தன என்று யோஹன்னெசன் குழு 2007இல் காட்டியது. கூட்டு வாழ்க்கைக்கு வந்த கிளை எதுவும் மேலும் கிளைத்துப் புது இனங்களைத் தரவில்லை. முளைக்கிறது, கொஞ்ச காலம் செழிக்கிறது, அத்தோடு நிற்கிறது. பரிணாமத்தின் முட்டுச்சந்து என்றுதான் ஆய்வாளர்கள் இதைக் குறிக்கிறார்கள்.

நாற்கொம்பு மானின் வம்சக்கதை நேர் எதிரானது. அதற்கு உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு நீலான் மட்டுமே. இரண்டும் போசெலாஃபினி என்ற மிகப் பழைய கொடியின் கடைசி இரு துளிர்கள். ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் சிவாலிக் பகுதியில் இந்தக் கொடி அடர்ந்து படர்ந்திருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. பனியுகங்களையும் புல்வெளிகள் விரிந்து சுருங்கியதையும் தாண்டி வந்த விலங்கு இது. சிவப்புப் பட்டியல் ‘ஆபத்து’ என்று சொல்லும் உயிருக்குப் பின்னால் நெடிய தாக்குப்பிடித்த வரலாறு இருக்கிறது. பட்டியலே கண்டுகொள்ளாத உயிருக்குப் பின்னால் குறுகிய, அடிக்கடி அறுந்துபோகும் வரலாறு.

அதற்காகச் சிலந்தியை மானுக்கு முன்னால் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அது வீம்பு. முட்டுச்சந்து என்பது லட்சக்கணக்கான ஆண்டுகளில் அளக்கும் தூரம். மானுக்கு இருக்கும் கெடு பத்தாண்டுகளில் அளக்கப்படுவது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே நிலம் மாறும்போது இந்த இரண்டும் எப்படி வெவ்வேறாக அடிபடுகின்றன?

ஓசூர் மாறிய வேகம் எல்லோரும் அறிந்தது. 1980இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும், 1987இல் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கின. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. சிப்காட் வளாகங்கள் ஓசூரைத் தாண்டிச் சூளகிரி, குருபரப்பள்ளி என்று சாலையோடு நகர்ந்தன. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது. கைபேசி உதிரிபாகங்கள் செய்யும் பெரும் ஆலை தேன்கனிக்கோட்டைப் பக்கம் எழுந்தது. 2024 ஜூனில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரைச் சுற்றி வரும் துணைநகர வட்டச்சாலையும் இந்த நிலத்தைத்தான் கடக்கிறது.

இந்த மாற்றம் சிலந்திக்கு முதலில் லாபமாகவே இருந்திருக்கும். கம்பி வேலி, மின்கம்பம், கைவிட்ட மனைப்பிரிவுகளில் மண்டும் சீமைக்கருவேல் எல்லாம் அதற்குக் கூடு மாட்ட இடம். சிக்கல் இரையில். சிலந்தியின் செழிப்பு பூச்சியின் செழிப்பு. உலகச் சிலந்திகள் ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் இரையைத் தின்கின்றன என்று 2017இல் நைஃபெலரும் பிர்க்கோஃபரும் கணக்கிட்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியின் காப்புப் பகுதிகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் 75 சதவீதத்துக்கு மேல் சரிந்ததாக இன்னொரு ஆய்வு வந்தது. தளியிலும் ஓசூரைச் சுற்றியும் ரோஜாவும் குடைமிளகாயும் விளையும் பசுமைக்குடில்களில் பூச்சிமருந்து இல்லாமல் பயிர் இல்லை. பூச்சி குறைந்தால் கூட்டில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு துப்பு இருக்கிறது: பார்த்தசாரதியும் சோமநாதனும் 2018இல் எழுதியபடி, கூட்டமாகப் பிரிந்து புதிய கூடு போடுவதை உணவும் உடல்நிலையும் பாதிக்கின்றன, தனியாகக் கிளம்பும் பெண்களின் போக்கை அவை அப்படித் தீர்மானிப்பதில்லை. கூட்டமாகப் பிரிவது தடுமாறினால் மிஞ்சுவது தனியாகக் கிளம்பும் பெண்கள். தனியாகப் போகிறவள் பிழைப்பது அரிது.

ஆனாலும் அவளுக்கு ஒரு வழி உண்டு. இதே பேரினத்தின் ஆப்பிரிக்க இனம் ஒன்றில், கருவுற்ற பெண் சிலந்தி நூலை விட்டுக் காற்றில் மிதந்து போவதை 2001இல் பதிவுசெய்தார்கள். நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் காற்றுக்குத் தடை அல்ல. ஒரே ஒருத்தி போய் விழுந்த இடத்தில் கூடு தொடங்கிவிடலாம். நெருங்கிய உறவுக்குள் பிறப்பதைத் தாங்கப் பழகிய இனத்துக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது.

மானுக்கு அந்த வழி இல்லை. ஓசூர், தருமபுரிக் காட்டு யானைகள் 1980களில் நடந்தே சித்தூர் மாவட்டத்துக்குள் போய்க் குடியேறின. அதன் விளைவாகவே அங்கே கௌண்டின்யா சரணாலயம் வந்தது. யானை ராகியை மேய்ந்தபடி, தண்டவாளத்தையும் சாலையையும் இரவில் தாண்டி, ஊரையே விழிக்க வைத்துக்கொண்டு போகும். நாற்கொம்பு மான் இடம் மாறாத விலங்கு. தன் சரிவு, தன் ஓடை, தன் புழுக்கை மேடு. ஒரு குன்றில் அது தீர்ந்துபோனால் அடுத்த குன்றிலிருந்து வந்து நிரப்பும் வாய்ப்பு, இடையில் தக்காளித் தோட்டமும் நாய்களும் இருக்கும்வரை, மிகக் குறைவு. யானைக்காகப் போடும் வழித்தடத் திட்டங்கள் இதற்கும் உதவும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. பாதி உண்மை. யானைக்கு வழி போதும். இதற்கு வழியே வீடாகவும் இருக்க வேண்டும்.

இரலைகளில் விழுந்து எழுந்தவையும் உண்டு. மத்திய ஆசியாவின் சைகா 2015 மே மாதம் கஜகஸ்தானில் ஒரு பாக்டீரியா தொற்றில் சில வாரங்களுக்குள் 2 லட்சத்துக்கு மேல் செத்து விழுந்தது. எட்டே ஆண்டில், 2023 டிசம்பரில், ஐயுசிஎன் அதை அழிவின் உச்சப் படியிலிருந்து இறக்கியது. எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. இரட்டைக் குட்டி ஈனும், திறந்த புல்வெளியில் மந்தையாக ஓடும், விமானத்திலிருந்து எண்ணிவிடக்கூடிய விலங்கு அது. மேலகிரியின் மானுக்கு இந்த மூன்றில் எதுவும் முழுசாகப் பொருந்தாது. நம் வெளிமானும் மந்தை விலங்குதான். கிண்டி, கோடியக்கரை, வல்லநாடு என்று அதற்குப் பெயர் சொல்லும் இடங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நாற்கொம்பு மானுக்கென்று ஒரு பலகைகூட இல்லை.

சிலந்திகள் எல்லாமே பத்திரமாக இருக்கின்றன என்ற எண்ணமும் தவறு. வீட்டுச் சுவரில் தாவித் தாவி ஈப்பிடிக்கும் ஈப்புலி வகைகளில் சில, கப்பல் சரக்கோடு வெப்பநாடுகள் முழுக்கப் பரவிவிட்டவை. அவற்றில் ஒன்றான ஹசாரியஸ் அடான்சோனி தூரத்தை எப்படி அளக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டுபிடித்தார்கள், தெளிவாகத் தெரியும் பிம்பத்தையும் மங்கலாகத் தெரியும் பிம்பத்தையும் ஒப்பிட்டு. அவற்றுக்குக் கவலையில்லை. இன்னொரு முனையில் ஆந்திரத்தின் நீலநிற மரச்சிலந்தி. 1899இல் குத்தி ரயில் நிலைய வட்டாரத்தில் கிடைத்ததாகப் போக்காக் விவரித்த அது, பிறகு நூறு ஆண்டுகள் கண்ணில் படவில்லை. நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் கிடைத்தது. 2008 முதல் ஐயுசிஎன் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது. வெளிநாட்டு வளர்ப்புச் சந்தையில் அதற்கு விலை உண்டு, அதனால்தான் அதன் பெயர் வெளியே தெரிந்தது. இந்தியாவில் பதிவான 1,800க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களில் ஐயுசிஎன் மதிப்பிட்டவை மிகச் சில. மதிப்பிடப்படாதது என்ற சொல்லை நாம் பத்திரமாக இருப்பது என்று படித்துக்கொள்கிறோம்.

சிலந்திக்குச் சட்டக் காப்பு தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கருத்தும். வேலியைத் தட்டுகிறவர் மீது வழக்குப் போட முடியாது. தேவைப்படுவது மலிவான ஒன்று. கூடுகள் அசையாதவை, வெளிப்படையானவை, வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. சூளகிரியிலோ பாகலூரிலோ ஒரு பள்ளி தன் சாலையின் ஒரே கிலோமீட்டரை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணி வந்தால், பத்தாண்டில் அந்த வட்டாரப் பூச்சிகளின் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு வரைபடம் கிடைத்துவிடும். இன்றைக்கு அப்படி ஒரு தொடர் பதிவை வாங்க எந்த ஆய்வகத்திலும் பணம் பற்றாது.

மானுக்கு வேலை கொஞ்சம் கடினம். புலி, சிறுத்தைக் கணக்கெடுப்புக்கு வைக்கும் தானியங்கிக் கேமராக்களில் அதுவும் வந்து விழுகிறது. கர்நாடகத்தின் காவேரிச் சரணாலயத்தில் அப்படித்தான் பதிவானது. ஆனால் பாதையோரம் வைத்த கேமரா, பாதையைத் தவிர்க்கும் விலங்கைக் குறைத்தே காட்டும். புழுக்கை மேடுகள் அதைவிட நம்பகமானவை. அதே புழுக்கையின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் குடல் செல்களிலிருந்து டிஎன்ஏ எடுக்கவும் முடியும். சிலந்தியிடம் கேட்ட கேள்வியை அதன் மூலம் மானிடமும் கேட்கலாம்: காவிரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவை இன்னும் ஒரே இனக்கூட்டமா, ஏற்கெனவே தனித்தனித் தீவுகளா? கேட்பதற்கு மயக்க ஊசியோ வலையோ வேண்டாம். சாராயம் ஊற்றிய சில குப்பிகளும், உரிகம் காட்டில் எந்த ஓடைக்கு மேலே எந்தப் பாறைத் திட்டில் அந்த மேடு இருக்கிறது என்று தெரிந்த உள்ளூர் இருளர் ஒருவரும் போதும்.